‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ நாவலை மாணவர்களுக்கு எங்கிருந்து தொடங்கி அறிமுகப்படுத்துவது?

இழையைத் தொடங்கியவர்: கரிசல் ஆசிரியை

வணக்கம். தென்மாவட்டக் கலைக் கல்லூரி ஒன்றில் இளங்கலை ஆங்கில இலக்கிய மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். அமெரிக்க இலக்கியத் தாளுக்காக ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ நாவலைச் சென்ற ஆண்டு நடத்தினேன். வரும் பருவத்திலும் நடத்த வேண்டியிருக்கிறது. 1937இல் வெளிவந்த, ஏறக்குறைய 100 பக்கமே வரும் சிறிய நாவல் அது. ஆறு அத்தியாயங்கள்தாம். ஊர் ஊராய்ப் போய்ப் பண்ணைக் கூலி வேலை பார்க்கும் ஜார்ஜ், பெரிய உடலும் குழந்தை மனமும் கொண்ட லென்னி என்ற இருவரின் கதை. ஒரு வியாழக்கிழமை மாலை கலிபோர்னியாவில் சலீனாஸ் ஆற்றங்கரையில் தொடங்கும் கதை, ஞாயிற்றுக்கிழமை மாலை அதே இடத்தில் முடிந்துவிடுகிறது. நட்பையும் தனிமையையும் பற்றி மாணவர்களோடு பேச இதைவிடக் கச்சிதமான நாவலை நான் அறியேன்.

ஆனால் சென்ற ஆண்டு அதை நான் கெடுத்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். முதல் இரண்டு வகுப்புகளை 1929ஆம் ஆண்டுப் பங்குச்சந்தை வீழ்ச்சிக்கும், அதைத் தொடர்ந்த பொருளாதாரப் பெருமந்தத்துக்கும், ஆசிரியர் 1902இல் சலீனாஸில் பிறந்ததற்கும், 1962இல் நோபல் பரிசு பெற்றதற்கும், தலைப்பு ராபர்ட் பர்ன்ஸின் 1785ஆம் ஆண்டுக் கவிதையிலிருந்து எடுக்கப்பட்டதற்கும் செலவிட்டேன். மூன்றாம் வகுப்பில் புத்தகத்தைத் திறந்தபோது, பாதிப்பேர் கடையில் விற்கும் நோட்ஸில் கதைச்சுருக்கத்தைப் படித்து முடித்திருந்தார்கள். ஒரு மாணவியின் குறிப்பேட்டில் கடைசி அத்தியாயத்துக்கு நேராக ‘கருணைக்கொலை, 5 மதிப்பெண்’ என்று எழுதியிருந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அப்படிப் படிக்க வழிகாட்டியவள் நான்தான்.

இதைக் கற்பித்த அனுபவம் உள்ளவர்கள், முதல் வகுப்பை எங்கிருந்து தொடங்கினீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். முடிவு தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் இந்த இழையை இதற்குமேல் படிக்க வேண்டாம்.

கிழக்கு லண்டன் வாசகன்

இங்கிலாந்தில் இந்த நாவல் பல ஆண்டுகள் பதினாறு வயது மாணவர்களின் ஜிசிஎஸ்இ தேர்வுக்கு ஏறத்தாழ எல்லோரும் படித்த பாடநூலாக இருந்தது. 2015 முதல் கற்பிக்கப்பட்ட புதிய பாடத்திட்டத்தில், 1914க்குப் பிந்தைய புனைகதை பிரிட்டிஷ் தீவுகளைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற விதி வந்ததால் அது விலக்கப்பட்டது. அதற்கு முன்பு ஒன்பது ஆண்டுகள் நான் இதை நடத்தியிருக்கிறேன். என் அனுபவத்தில் முதல் வகுப்புக்கு வேண்டியது முதல் நான்கு பக்கங்கள் மட்டுமே.

அந்தப் பக்கங்களில் ஒரு சிறு காட்சி வருகிறது. ஜார்ஜ் தண்ணீர் குடித்துவிட்டுக் கரையில் அமர்ந்து, முழங்கால்களைக் கட்டிக்கொள்கிறான். லென்னி அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானும் பின்னால் நகர்ந்து, முழங்கால்களை அதேபோலக் கட்டிக்கொண்டு, சரியாகச் செய்துவிட்டோமா என்று ஜார்ஜைத் திரும்பிப் பார்க்கிறான். பிறகு ஜார்ஜின் தொப்பி எந்த அளவுக்குக் கண்ணை மறைக்கிறதோ அந்த அளவுக்குத் தன் தொப்பியையும் இழுத்துவிட்டுக்கொள்கிறான். நான் எதுவும் சொல்லாமல் இரண்டு மாணவர்களை முன்னால் அழைத்து, இதை வசனமின்றி நடித்துக் காட்டச் சொல்வேன். பிறகு ஒரே ஒரு கேள்வி: இவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் யார்? தந்தை மகன் என்பார்கள், அண்ணன் தம்பி என்பார்கள், முதலாளியும் வேலையாளும் என்றும் ஒருவர் சொல்வார். நண்பர்கள் என்ற சொல் பெரும்பாலும் கடைசியாகத்தான் வரும். அது ஏன் கடைசியாக வந்தது என்பதே அடுத்த ஆறு வாரங்களுக்கான பாடம்.

பெருமந்தம், நோபல் பரிசு, பர்ன்ஸ் ஆகிய மூன்றும் முதல் வகுப்பில் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார்

லண்டன் நண்பரோடு பாதி உடன்படுகிறேன். வரலாற்றை முதலிலேயே கொட்டக்கூடாது என்பது சரி. ஆனால் அதைச் சொல்லாமலே விட்டால், மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘இவ்வளவு அவமானப்பட்டு அந்தப் பண்ணையில் ஏன் இருக்க வேண்டும், ஊருக்குப் போய்விடலாமே’ என்பதுதான். போவதற்கு ஊர் இல்லாத மனிதர்கள் அவர்கள் என்பது தெரியாவிட்டால், அந்தத் தனிமை வெறும் மனநிலைக் கோளாறாகத் தோன்றிவிடும். 1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அறுவடைக்கு அறுவடை பண்ணை மாறும் கூலியாள், பக்கத்துப் படுக்கைக்காரனின் பெயரை மனத்தில் பதித்துக்கொள்வதற்குள் வேறு ஊருக்குப் போயிருப்பான். ஸ்டைன்பெக்கே இளமையில் சர்க்கரை நிறுவனப் பண்ணைகளில் இப்படிப்பட்டவர்களோடு வேலை பார்த்தவர்.

நான் சொல்ல வருவது, வரலாற்றை இரண்டாம் அத்தியாயத்தில் பொருள்களின் வழியாக நுழைக்கலாம் என்பதே. அந்தக் கூலியாட்கள் தங்கும் கொட்டடியை ஸ்டைன்பெக் எப்படி விவரிக்கிறார் என்று பாருங்கள். எட்டுப் படுக்கைகள், ஒவ்வொன்றின் மேலும் சுவரில் அடித்து வைத்த ஓர் ஆப்பிள் பெட்டி. ஒரு மனிதனுக்குச் சொந்தமானவை அனைத்தும் அந்தப் பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன: சோப்பு, முகச்சவரக் கத்தி, சில மருந்துகள், வெளியே கேலி செய்துகொண்டே உள்ளூர நம்பிப் படிக்கும் சல்லி இதழ்கள். மாணவர்களிடம் அந்தப் பெட்டியை வரையச் சொல்லி, அதில் இல்லாதவை எவை என்று கேளுங்கள். குடும்பப் படம் ஒன்று கூட அந்தப் பட்டியலில் இல்லை என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பெருமந்தத்தை அதற்குப் பிறகு பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம், அப்போது அதைக் கேட்கும் காதே வேறாக இருக்கும்.

இன்னொன்று, கணக்கு. பலர் இதைக் கவனிப்பதில்லை. ஜார்ஜும் லென்னியும் வாங்க நினைக்கும் சிறு நிலத்தின் விலை 600 டாலர். கையிழந்த கிழவர் கேண்டியிடம் 300 டாலர் இருக்கிறது, மாதக் கடைசியில் 50 வரும். ஜார்ஜும் லென்னியும் ஒரு மாதம் எதையும் செலவழிக்காவிட்டால் 100 சேரும். ஆக 450. குறைவது 150தான். கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டினால், அந்தக் கனவு எட்டாத கனவல்ல, ஓரிரு மாதக் கூலிதான் இடையில் நின்றது என்பது வகுப்புக்கே உறைக்கும். அதன்பின் ‘பிறகு எது தடுத்தது?’ என்று கேட்கலாம்.

கரிசல் ஆசிரியை

இருவருக்கும் நன்றி. ஆப்பிள் பெட்டியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு இன்னொரு சிக்கல் உண்டு. என் மாணவர்களில் பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்கள். இலக்கணம் பிசகாத ஆங்கிலத்தையே சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டு வந்தவர்களுக்கு, ‘ஐ எய்ன்ட் காட் நோ’ (என்னிடம் இல்லை என்பதன் கொச்சை வழக்கு) என்பதைப் போன்ற பேச்சு முதல் பக்கத்திலேயே வந்தால், புத்தகமே பிழையாக அச்சாகிவிட்டது என்று தோன்றுகிறது. ஒருவன் உண்மையாகவே சிவப்பு மையால் திருத்தி வைத்திருந்தான்!



நூலகத்துப் பூனை

சிவப்பு மை மாணவன் வாழ்க. அவனிடம் வட்டார வழக்கில் எழுதப்பட்ட ஏதேனும் ஒரு தமிழ்ச் சிறுகதையின் உரையாடலைக் கொடுத்து, அதையும் திருத்தச் சொல்லுங்கள். ‘வந்துட்டுப் போனாக’ என்பதை ‘வந்துவிட்டுப் போனார்கள்’ என்று திருத்தி முடித்ததும், அந்தப் பாட்டி கதையிலிருந்து எழுந்து போய்விட்டதை அவனே உணர்வான். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

மேலும், இந்த நாவலை நாடகமாக அப்படியே மேடையேற்ற முடிய வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் ஸ்டைன்பெக் எழுதினார். வெளிவந்த அதே 1937இல் அது நியூயார்க்கில் மேடையேறியது. கண்ணால் படிக்கும்போது பிழையாகத் தெரிவது, வாய்விட்டுப் படிக்கும்போது பேச்சாகிவிடும். ஆகவே வகுப்பில் உரக்கப் படியுங்கள். (கையெழுத்துப் படியில் ஏறக்குறையப் பாதியை அவருடைய நாய்க்குட்டி கடித்துக் குதறிவிட்டது என்ற செய்தியை மட்டும் முதல் வகுப்பில் சொல்ல அனுமதிக்கலாம். அது எப்போதும் எடுபடும்.)

மரபு விரும்பி

தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு யோசனை. திருக்குறளில் நட்பை ஒட்டி 79ஆம் அதிகாரம் முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் இருக்கின்றன. ‘உடுக்கை இழந்தவன் கைபோல’ என்ற குறளிலிருந்து தொடங்கினால், மாணவர்கள் அறிந்த நிலத்திலிருந்து அறியாத நிலத்துக்கு நடந்து செல்வார்கள்.

கிழக்கு லண்டன் வாசகன்

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். குறள் நட்பு இன்னதென்று வரையறுத்துவிடுகிறது. அதை முன்னால் வைத்தால், மாணவர்கள் ஜார்ஜ் அந்த வரையறைக்குத் தேறினானா இல்லையா என்று மதிப்பெண் போடத் தொடங்கிவிடுவார்கள். அதோடு, கலிபோர்னியாக் கதை ஒன்றைக் கையில் எடுத்தவுடன் இதுவும் நம்மிடம் உண்டு என்று காட்டும் பழக்கம் அந்தக் கதையைச் சிறிதாக்கிவிடுகிறது.

மரபு விரும்பி

தங்கள் கண்டிப்பை ஏற்கிறேன். இரண்டு நாள் யோசித்த பிறகே எழுதுகிறேன். முதலில் வைக்க வேண்டாம், கடைசியில் வைக்கலாம். காரணம் நான் முன்பு சொன்னதல்ல. நேற்று நாவலை மறுபடி படித்தபோது, அது முழுக்க முழுக்கக் கைகளைப் பற்றிய கதையாக எனக்குத் தெரிந்தது. லென்னியின் கைகள் கரடியின் பாதங்களைப் போல இருக்கின்றன. மென்மையானதைத் தடவிப் பார்க்க விரும்பி, அதைக் கொன்றுவிடுகின்றன. முதலாளியின் மகன் கர்லி ஒரு கையுறைக்குள் வாசலின் தடவி மனைவிக்காகக் கையை மிருதுவாக வைத்துக்கொள்கிறான். லென்னி நசுக்குவது அவன் கையைத்தான். கேண்டிக்கு ஒரு கை இல்லை. ஆங்கிலத்தில் பண்ணைக் கூலியாளுக்கே ‘ஹேண்ட்’, அதாவது கை என்று பெயர். ஆளை விட்டுவிட்டு உழைக்கும் உறுப்பை மட்டும் கூலிக்குக் கூப்பிடும் சொல். கடைசிப் பக்கத்தில், லென்னியின் பின்னாலிருந்து துப்பாக்கியைத் தூக்கும் ஜார்ஜின் கை கடுமையாக நடுங்கி, பிறகு நிலைகொள்கிறது.

இடுப்பு ஆடை நழுவும்போது சிந்திக்காமல் விரையும் கையைக் குறள் சொல்கிறது. ஜார்ஜின் கை அப்படி விரையவில்லை. நடுங்கியது, நின்றது, சிந்தித்தது. அது நட்பின் கைதானா என்ற வினாவை அந்த இடத்தில் கேட்டால் குறளும் புதிதாகக் கேட்கும் என்று நினைக்கிறேன்.

கிழக்கு லண்டன் வாசகன்

ஒன்பது ஆண்டு நடத்தியும் கைகளை நான் இப்படிக் கோத்துப் பார்க்கவில்லை. என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

சிறப்புக் கல்வி அம்மா

குறைபாடுள்ள குழந்தைகளோடு இருபது ஆண்டுகளாக வேலை பார்ப்பவள் என்பதால், இந்த இழை தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். லென்னியை நடித்துக் காட்டச் சொல்லும்போது வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பில் சேராமல் ஒரு மாணவர் தலையைக் குனிந்துகொண்டிருப்பார். அவர் வீட்டில் அப்படி ஒரு தம்பியோ அத்தையோ இருக்கக்கூடும். நடிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. லென்னிக்கு இன்ன நோய் என்று பெயர் சூட்டும் வேலையை மாணவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஸ்டைன்பெக் அதைச் செய்யவில்லை. அவன் எதை நினைவில் வைத்திருக்கிறான், எதை மறக்கிறான் என்று பார்க்கச் சொல்லுங்கள். வேலைச் சீட்டு எங்கே இருக்கிறது என்பதை மறப்பவன், அவர்கள் வாங்க நினைக்கும் நிலத்தில் வளர்க்கப்போகும் முயல்களைப் பற்றி ஜார்ஜ் சொன்ன சொல் ஒன்றையும் மறப்பதில்லை. தன்னைக் கைவிட்டுவிடுவார்கள் என்று ஐயம் வந்தால், குகைக்குப் போய்விடுகிறேன் என்று சொல்லி ஜார்ஜை இறங்கிவரச் செய்யவும் அவனுக்குத் தெரிகிறது.

‘கருணைக்கொலை’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த முடிவை அன்பின் உச்சம் என்று மட்டும் கற்பிக்கும் வகுப்புகள் எனக்கு அச்சம் தருகின்றன. இப்படிப்பட்டவர்களுக்கு இதுவே நல்லது என்ற எண்ணம் எவ்வளவு எளிதாக ஒரு வகுப்பறையில் ஒப்புதல் பெற்றுவிடுகிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார்

அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஜார்ஜுக்கு வேறு என்ன வழி இருந்தது? தன் மனைவி லென்னியின் கையால் இறந்துபோனதால் கர்லி கும்பலோடு வந்துகொண்டிருக்கிறான், வயிற்றில் சுடுவேன் என்கிறான். பிடித்து அடைத்து வைத்தாலும் லென்னிக்கு அது நரகம் என்று, பண்ணையில் எல்லோரும் மதிக்கும் ஸ்லிமே சொல்கிறார்.

சிறப்புக் கல்வி அம்மா

வழி இருந்தது என்று நான் சொல்லவில்லை, ஐயா. வழியில்லாமல் ஆக்கியவர்கள் யார் என்பதைக் கேட்காமல் ஜார்ஜை மட்டும் பாராட்டிவிட்டு நகரக்கூடாது என்கிறேன். அதற்கான கேள்வி நாவலுக்குள்ளேயே இருக்கிறது. கேண்டியின் கிழட்டு நாயை நாற்றமடிக்கிறது என்று சொல்லி, பின்மண்டையில் சுட்டால் வலி தெரியாது என்று விளக்கி, கார்ல்சன் என்ற கூலியாள் கொண்டுபோய்ச் சுட்டுவிடுகிறான். ஜார்ஜ் பிறகு எடுத்துச் செல்வதும் கார்ல்சனின் அதே துப்பாக்கி, குறிபார்ப்பதும் அதே இடம். அந்த நாயை நானே சுட்டிருக்க வேண்டும், அந்நியனை விட்டிருக்கக்கூடாது என்று கேண்டி ஜார்ஜிடம் வருந்துகிறார். பயன் தீர்ந்த உயிரைச் சுட்டுவிடுவது என்ற அந்தக் கொட்டடியின் வழக்கம்தான் ஜார்ஜின் கைக்கும் வந்து சேர்கிறது. கடைசி வரியில், ஜார்ஜும் ஸ்லிமும் போவதைப் பார்த்து, இவர்கள் இருவருக்கும் என்னதான் வந்தது என்று புரியாமல் கேட்பவனும் கார்ல்சனே.

நூலகத்துப் பூனை

இந்த விவாதம் இங்கே முடியாது, முடியவும் வேண்டாம். வகுப்பிலும் இரு கட்சியாகவே விட்டுவிடலாம்.

எனக்கு மற்றோர் ஐயம். குதிரைலாயத்தில் வேலை பார்க்கும் கறுப்பினத்தவரான க்ரூக்ஸைக் குறிக்கும்போது பாத்திரங்கள் பயன்படுத்தும் அந்த இழிசொல் பல இடங்களில் வருகிறது. அமெரிக்கப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் இந்த நாவலுக்கு அடிக்கடி எதிர்ப்பு எழுவதற்கு அதன் மொழியும் ஒரு காரணம். உரக்கப் படிக்கச் சொன்ன நானே கேட்கிறேன்: அந்தச் சொல்லை என்ன செய்வது?

கிழக்கு லண்டன் வாசகன்

நான் உச்சரிப்பதில்லை, அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்வேன். ஏன் நிறுத்துகிறேன் என்பதை முதல்முறை வரும்போது வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். என் வகுப்பில் கறுப்பின மாணவர்கள் இருந்தார்கள், அவர்களைப் பார்த்துக்கொண்டு வேறெப்படியும் படிக்க முடியாது. அவர்கள் இல்லாத வகுப்பிலும் அப்படியே செய்யலாம் என்பது என் கருத்து.

க்ரூக்ஸின் அறைக்கு மட்டும் ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள். குதிரைலாயத்தை ஒட்டிய சேண அறை. முதுகு வளைந்த அந்த மனிதர் கொட்டடிக்குள் அனுமதிக்கப்படுவதில்லை. மற்றவர்களைப்போல மூட்டை கட்டி அலையாததால் அவரிடம் பொருள்கள் அதிகம்: கிழிந்த அகராதி, 1905ஆம் ஆண்டுக் கலிபோர்னியா உரிமையியல் சட்டத்தின் நைந்த பிரதி. சட்டப் புத்தகம் வைத்திருக்கும் மனிதரைக் கர்லியின் மனைவி ஒரே மிரட்டலில் இல்லாமல் ஆக்கிவிடுகிறாள். புத்தகம் இருந்தால் போதாது, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று க்ரூக்ஸ் லென்னியிடம் சொல்லும் இடத்தில், ஆங்கில ஆசிரியர்களாகிய நாம் சற்றுக் கூனிக்குறுக வேண்டியிருக்கிறது.

கரிசல் ஆசிரியை

அந்த மனைவியைப் பற்றியும் யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அவளுக்குப் பெயரே இல்லை. நாடகத்தில் அந்த வேடமேற்ற க்ளேர் லூஸுக்கு ஸ்டைன்பெக் எழுதிய கடிதத்தில் அவளைப் பரிவோடு விளக்குகிறார். அந்தப் பரிவை நாவலின் ஆண்கள் எவரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. என் வகுப்பில் நாற்பதில் இருபத்தேழு பேர் பெண்கள். சென்ற ஆண்டு இதை நான் ஒரு வாக்கியத்தில் கடந்துபோனேன்.

கரிசல் ஆசிரியை

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். வகுப்பு தொடங்கிவிட்டது. வரலாறும் வாழ்க்கைக் குறிப்பும் சொல்லவில்லை. சோலிடாட் என்ற ஊர்ப்பெயர் முதல் வாக்கியத்தில் வந்தபோது, அதற்கு ஸ்பானிய மொழியில் தனிமை என்று பொருள் என்பதை மட்டும் சொன்னேன். நடிப்பில் சிரிப்பு எழுந்தது. நடித்த பையனே, சிரித்தால் நான் செய்ய மாட்டேன் என்று சொல்லி நின்றுவிட்டதால் அடங்கியது. ஆப்பிள் பெட்டி நன்றாக நடந்தது. 150 டாலர் கணக்கில் வகுப்பே சண்டை போட்டது. இரண்டு பேர் வட்டிக்கு வாங்கியிருக்கலாமே என்றார்கள்.

நான் எதிர்பாராத இடம் மூன்றாம் அத்தியாயத்தில் வந்தது. விட் என்ற இளம் கூலியாள் ஓர் இதழை எடுத்துவந்து, அதில் அச்சாகியிருக்கும் வாசகர் கடிதம் ஒன்றைப் படித்துக் காட்டச் சொல்கிறான். எழுதியவன் சில மாதங்களுக்கு முன்பு அதே பண்ணையில் வேலை பார்த்தவன். பார்க்கலாமா என்று ஜார்ஜ் கை நீட்டுகிறான். விட் அந்தப் பக்கத்தைக் காட்டுகிறானே தவிர, பிடியை விடவில்லை. விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, கவனமாகத் தன் பெட்டியில் வைத்துவிடுகிறான். கேண்டியின் நாயைச் சுடுவதா வேண்டாமா என்ற அந்தப் பேச்சின் நடுவில் இது வருவதால், பெரும்பாலும் எவரும் நின்று படிப்பதில்லை. நானும் படித்ததில்லை.

குறிப்பேட்டில் எதையும் எழுதாமல் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி, கர்லியின் மனைவியும் ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்றாள். அவள் முன்கூட்டியே ஐந்தாம் அத்தியாயம்வரை படித்துவிட்டாள். சினிமாவில் சேர்த்துவிடுவதாகச் சொன்னவன் எழுதுவதாகச் சொன்ன கடிதம் வரவே இல்லை. அம்மாதான் அதை எடுத்து ஒளித்துவிட்டாள் என்று அந்தப் பெண் நம்பிக்கொண்டிருக்கிறாள். வந்த கடிதத்தை ஒருவன் கையிலிருந்து விடவில்லை, வராத கடிதத்துக்காக ஒருத்தி கர்லியைக் கட்டிக்கொண்டாள் என்று அந்த மாணவி சொன்னபோது, நான் எழுதியிருந்த பாடக்குறிப்பை மூடிவைத்துவிட்டேன்.

மணி அடித்த பிறகு அவள் மேசைக்கு வந்து, இதழுக்குக் கடிதம் எழுதியவன் இப்போது எந்தப் பண்ணையில் இருக்கிறான் என்று புத்தகத்தில் வருமா என்று கேட்டாள். வராது என்றேன்.